கிரீஸ்ல நிக்குற பழைய யாட்டை வாங்கப் போறீங்களா? அட்வான்ஸை இப்போ அனுப்பாதீங்க

சரக்குக் கப்பல்ல செகண்ட் இன்ஜினியரா இருக்குற ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார். பேர், ஊர் எதுவும் வெளியில வரக்கூடாதுன்னு கேட்டிருக்கார், அதனால விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிடுறேன்.

அவருக்கு 44 வயசு. அவரும் மனைவியும் கிளப்ல சின்ன டிங்கி படகுல பாய் விடக் கத்துக்கிட்டவங்க, பெரிய படகுல ஒரே ஒரு வாரம் நண்பர்களோட போயிருக்காங்க, சொந்தப் படகு இதுவரைக்கும் இல்ல. வசிக்கிறது ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில, பிரிட்டன்லயும் இல்ல. கிரீஸ்ல ஒரு மரீனாவுல (யாட்டுகளை நிறுத்தி வைக்கிற துறைமுகம்) 42 அடி பாய்மர யாட் விலைக்கு வந்திருக்கு, 2007 மாடல், முதல்ல சார்ட்டர் கம்பெனியில வாடகைக்கு ஓடினது, அப்புறம் பிரிட்டன்ல வசிக்கிற ஒருத்தர் வாங்கி பிரிட்டிஷ் கொடியோட வச்சிருக்கார். விளம்பரம் போட்டது புரோக்கர், ஆனா ஓனர் நேரடியா போன்ல பேசுறார். ‘வாட் பெய்ட், பேப்பர் எல்லாம் கிளீன்’னு, அதாவது மதிப்புக் கூட்டு வரி கட்டியாச்சுன்னு சொல்றார், போன வருஷம் படகைச் சோதிச்சு எடுத்த சர்வே ரிப்போர்ட்டை மெயில்ல அனுப்பியிருக்கார், இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார், 10 சதவீதத்தை என் அக்கவுன்ட்ல போட்டுட்டா உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்னு சொல்றார். வாசகரோட திட்டம் என்னன்னா அடுத்த லீவுல போய் கையெழுத்து போட்டுட்டு அதே பிரிட்டிஷ் கொடியோட சூயஸ் வழியா வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடுறது. மனைவி மட்டும் ‘முதல்ல இதே சைஸ் படகை ரெண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போமே’ன்னு சொல்றாங்க, அது வீண் செலவுன்னு இவர் நினைக்கிறார். கடைசியா ஒரு சின்ன கேள்வி, படகோட பேரை மாத்தலாமா?

நண்பரே, படகு நல்ல படகாவே இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் சர்வேயர், நான் வக்கீல். என் கண்ணுல பட்டது வேற, நீங்க வேலையை ஆரம்பிச்சிருக்குற வரிசையே தலைகீழா இருக்கு. படகு பிடிச்சிருச்சு, அடுத்து பணம், அப்புறம் பேப்பர் பார்த்துக்கலாம்னு போறீங்க. வெளிநாட்டுல யாட் வாங்குறப்ப முதல்ல கேட்க வேண்டியதே நீங்க எங்க வசிக்கிறீங்க, எந்த நாட்டு குடிமகன்ங்கிறதுதான், ஏன்னா அதை வச்சுதான் உங்களுக்கு எந்தக் கொடி, அதாவது எந்த நாட்டுப் பதிவு, கிடைக்கும்னு முடிவாகுது, கொடியையும் வசிப்பிடத்தையும் வச்சு வரி முடிவாகுது, அதையெல்லாம் பார்த்துட்டுதான் இன்சூரன்ஸ்காரன் வாயைத் திறப்பான். இந்த மூணுக்கும் எழுத்துல பதில் வர்றதுக்கு முன்னாடி அந்த 10 சதவீதத்தை நீங்க யாருக்கும் அனுப்பக் கூடாது.

கொடி படகோட சேர்ந்து வராது

‘கொடி அப்படியே இருக்கட்டும், ஓனர் பேரை மட்டும் மாத்திக்கலாம்’னு எழுதியிருக்கீங்க. அது நடக்காது. ஓனர் அனுப்பின சர்டிபிகேட் எஸ்எஸ்ஆர், அதாவது பிரிட்டிஷ் ரிஜிஸ்டர்ல பார்ட் 3, சின்னப் படகுகளுக்கானது. பிரிட்டன்ல வசிக்கிறவங்களுக்குத்தான் அது கிடைக்கும். படகு கைமாறின அன்னிக்கே அந்தப் பதிவு செல்லாமப் போயிடும், சர்டிபிகேட்ல தேதி இன்னும் மூணு வருஷம் பாக்கி இருந்தாலும் சரி. அதுக்கப்புறமும் அந்தக் கொடியைப் பறக்க விட்டுட்டுப் போனா, எந்த நாட்டுப் பதிவும் இல்லாத படகுலதான் நீங்க போறீங்கன்னு அர்த்தம். ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்துல ஒரு கப்பல் ஒரே ஒரு நாட்டுக் கொடியோடதான் போகணும்னு இருக்கு, அது சரக்குக் கப்பலுக்கு எப்படியோ உங்க 42 அடிக்கும் அப்படித்தான். கொடி மாத்துறப்ப பழைய ரிஜிஸ்டர்ல இருந்து நீக்கினதுக்கான டெலீஷன் சர்டிபிகேட்டைக் கையில வச்சுக்கிட்டாத்தான் பெரும்பாலான நாடுகள்ல புதுசா பதிய விடுவாங்க. அதனால உங்க நாட்டு ரிஜிஸ்டர்ல ஒரு தனியார் யாட்டைப் பதிய என்ன கேட்கிறாங்க, எவ்வளவு நாள் ஆகும், படகு வெளிநாட்டுல நிக்கும்போதே தற்காலிகப் பதிவு தருவாங்களான்னு இப்பவே விசாரிங்க. சில நாடுகள்ல இது மாசக்கணக்குல இழுக்கும், நீங்க எடுத்திருக்குற லீவு அதுக்கே போயிடும்.

அடுத்தது, எஸ்எஸ்ஆர் சர்டிபிகேட்டை காரோட ஆர்சி புக் மாதிரின்னு நினைச்சுட்டு இருக்கீங்க. அது சொந்தக்காரர் யாருன்னு நிரூபிக்கிற ஆவணமே இல்ல. அப்ளை பண்றவர் தான்தான் ஓனர்னு சொல்றதை வச்சு குடுக்குறாங்க, உரிமைப் பத்திரத்தை யாரும் சரிபார்க்கிறதில்ல, அடமானம் இருக்கான்னும் அதுல தெரியாது. பிரிட்டன்லயே பார்ட் 1 வேற, அங்க படகை 64 பங்கா வச்சு யாருக்கு எவ்வளவுன்னு பதிவாங்க, கடன் இருந்தா அதுவும் பதிவாகும். இவர் பார்ட் 1-ல இல்ல. தப்பானவர்னு சொல்லல, நிறைய பேர் செலவு கம்மின்னு பார்ட் 3-லதான் இருக்காங்க. ஆனா அவர்தான் ஓனர்னு காட்ட வேண்டிய பொறுப்பு முழுசா அவர் தலையில. கட்டின கம்பெனி குடுத்த சர்டிபிகேட், சார்ட்டர் கம்பெனி முதல்ல வாங்கின இன்வாய்ஸ், சார்ட்டர் கம்பெனி இவருக்கு எழுதிக் குடுத்த பில் ஆஃப் சேல் (விற்பனைப் பத்திரம்), சார்ட்டர் காலத்துல எந்த நாட்டு ரிஜிஸ்டர்ல இருந்துச்சோ அங்கிருந்து நீக்கின பேப்பர், இத்தனையும் கேளுங்க. நடுவுல யாராவது ஒரு ஓனர் இருந்து அவரோட பில் ஆஃப் சேல் மட்டும் காணோம்னா அங்கயே நில்லுங்க.

பேப்பர் வந்ததும் ஹின் நம்பரை, அதாவது படகோட அடையாள எண்ணை, ஒத்துப் பாருங்க. படகோட பின்பக்கம், வலது (ஸ்டார்போர்டு) ஓரத்துல 14 எழுத்து-எண்ணா பொறிச்சிருக்கும், முதல் ரெண்டு நாடு, அடுத்த மூணு கட்டினவர், அடுத்த அஞ்சு சீரியல், கடைசி நாலுல கட்டின மாசம், வருஷம், மாடல் வருஷம். கே607-னு முடிஞ்சா 2006 நவம்பர்ல கட்டி 2007 மாடலா வித்ததுன்னு அர்த்தம். இன்வாய்ஸ்ல இருக்குற நம்பரும் இதுவும் ஒரு எழுத்து கூட மாறக் கூடாது. பழைய கிளார்க் தப்பா டைப் அடிச்சது, விடுங்கன்னு சொல்வாங்க. விடாதீங்க, திருத்தி எழுதி வாங்குங்க, நாளைக்கு நீங்க விக்கிறப்ப வாங்குறவரோட வக்கீல் உங்ககிட்ட இதைத்தான் கேட்பார்.

மாரிடைம் லீன், அதாவது கப்பல் மேலயே நிக்குற கடன் உரிமை, பத்தி உங்களுக்கு நான் சொல்லணும்னே இல்ல. சம்பள பாக்கின்னா க்ரூ கப்பலையே அரெஸ்ட் பண்ண வைக்கலாம்னு உங்களுக்குத் தெரியும், ஓனர் மாறினாலும் அந்த உரிமை கப்பலோடவே போகும்னும் தெரியும். அதே சட்டம் இங்க உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிக்குது. முன்னாடி ஸ்கிப்பரா (படகுக்குக் கேப்டன்) இருந்தவனோட சம்பளம், எங்கயோ மோதின நஷ்டம், கரை தட்டினப்ப இழுத்து மீட்டவங்களோட சால்வேஜ் கூலி, இதெல்லாம் எந்த ரிஜிஸ்டர்லயும் எழுதியிருக்காது, நீங்க தெரியாம வாங்கினேன்னு சொன்னாலும் படகு மேல நிக்கும். மரீனா வாடகை பாக்கியா? பாக்கியைத் தீர்க்காம படகை வெளியில விட மாட்டாங்க. அதனால பணம் கைமாறுற அன்னிக்கு தேதி போட்டு மரீனாகிட்ட பாக்கி இல்லைன்னு கடிதம், கான்ட்ராக்ட்ல ‘எந்த வில்லங்கமும் இல்ல, பின்னாடி கிளம்பினா விக்கிறவர் பொறுப்பு’ங்கிற வரி, ரெண்டும் வேணும்.

‘வாட் பெய்ட்’னா எங்க கட்டினது?

கிரீஸ்ல வாட் 24 சதவீதம். படகு விலைல கிட்டத்தட்ட கால்பங்கு, அதனாலதான் இந்த ரெண்டு வார்த்தையை எல்லாரும் விளம்பரத்துல பெருசா போடுறாங்க. ஆனா புரோக்கர் வாயால சொல்றது, எஸ்எஸ்ஆர் சர்டிபிகேட், ‘இத்தனை வருஷமா இங்கதான் நிக்குது, யாரும் கேட்டதில்ல’, இதுல ஒண்ணு கூட ஆதாரம் ஆகாது. வாட் தொகை தனியா தெரியுற இன்வாய்ஸ் வேணும், இல்லைன்னா படகுக்கு யூனியன் ஸ்டேட்டஸ் (ஐரோப்பிய யூனியன் சரக்குங்கிற தகுதி) இருக்குன்னு கஸ்டம்ஸ் குடுத்த டி2எல் பேப்பர் வேணும்.

உங்க கேஸ்ல ரெண்டு இடத்துல எனக்கு சந்தேகம். ஒண்ணு, சார்ட்டர் படகு. தொழிலுக்குன்னு வாங்கின படகுக்கு அந்தக் கம்பெனி வாட்டைத் திரும்ப எடுத்திருக்கலாம், அல்லது கட்டாமலே வாங்கியிருக்கலாம். அப்புறம் தனிநபருக்கு வித்தப்ப வாட் போட்டு வித்தாங்களா, இதுதான் கேள்வி, அதுக்கான பதில் சார்ட்டர் கம்பெனி இப்போதைய ஓனருக்குக் குடுத்த இன்வாய்ஸ்லதான் இருக்கும். மத்த எந்தப் பேப்பரையும் விட அதை முதல்ல கேளுங்க.

ரெண்டாவது பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகினது. 2020 டிசம்பர் 31 ராத்திரி படகு எங்க இருந்துச்சு? கிரீஸ்லயோ வேற ஐரோப்பிய யூனியன் நாட்டுலயோ இருந்தா அதுவரைக்கும் இருந்த யூனியன் ஸ்டேட்டஸ் தொடரும், கொடி பிரிட்டிஷா இருந்தாலும் பரவாயில்ல. அன்னிக்கு பிரிட்டன்ல இருந்திருந்தா அது போயிடுச்சு. அந்த மாசத்து மரீனா பில் இருந்தா கேட்டு வாங்கி வச்சுக்கங்க. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, அதுதான் ஆளைக் கவுக்குறது. ஓனர் சொல்ற வாட் பிரிட்டன்ல கட்டினதா இருந்தா, அவரைப் பொறுத்தவரைக்கும் அது உண்மைதான், பொய் சொல்லல, ஆனா இப்போ அது ஐரோப்பிய யூனியன்ல செல்லாது. அப்படின்னா அந்தப் படகு அங்க டெம்பரரி அட்மிஷன்ல நின்னுட்டு இருக்கலாம்.

டெம்பரரி அட்மிஷன்னா என்னன்னா, யூனியனுக்கு வெளியில வசிக்கிறவர், வெளிநாட்டுல பதிஞ்ச படகை, சொந்த உபயோகத்துக்கு மட்டும் 18 மாசம் வரைக்கும் வரி கட்டாம அங்க வச்சுக்கலாம். உங்களுக்கு இது நல்ல செய்தியும் கூட. நீங்க வெளியில வசிக்கிறவர், உங்க நாட்டுக் கொடியோட பதிஞ்சா நீங்களும் இதுக்குத் தகுதி, அதனால ஒரு சீசன் சுத்திட்டு வெளிய போறதுதான் திட்டம்னா வாட் பெய்ட்ங்கிறதுக்காகக் கூடுதல் விலை குடுக்கணுமான்னே யோசிக்கலாம், திரும்ப ஐரோப்பாவுலயே விக்கிற எண்ணம் இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. ஆனா ஏற்கனவே டெம்பரரி அட்மிஷன்ல நிக்குற படகை அங்கயே ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினா வரி கேள்வி கிளம்பும். ‘கொஞ்ச தூரம் கடல்ல போய் கையெழுத்து போட்டுக்கலாம்’னு ஓனர் சொன்னதா ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அவர் அதை ஏன் சொன்னார்னு யோசிச்சீங்களா? யூனியன் எல்லைக்கு வெளியில ஒப்படைக்கிறது நடைமுறையில இருக்குற விஷயம்தான், ஆனா நிஜமாவே படகு வெளிய போகணும், போனதுக்கு கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கணும். மரீனா கஃபேல உட்கார்ந்துட்டு நடுக்கடல்னு இடம் போட்டு கையெழுத்து வாங்குறது பொய் ஆவணம், அதுல உங்க பேரும் இருக்கும். வாட் பெய்ட் படகுன்னா இந்த யோசனைக்கே தேவை இல்லையேங்கிறதுதான் என் சந்தேகம். கிரீஸ்லயே ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்கிட்ட பேப்பரை அனுப்பி எழுத்துல கருத்து வாங்குங்க.

சொல்ல மறந்துடக் கூடாது, 18 மாசம்ங்கிறது படகுக்குத்தான். உங்களுக்கு ஷெங்கன் விசாவுல 180 நாள்ல 90 நாள்தான். படகு சட்டப்படி மிதந்துட்டு இருக்கும், நீங்க ஓவர்ஸ்டே ஆயிடுவீங்க.

உங்க சொந்த நாட்டுக்குள்ள கொண்டு வர்றப்ப இறக்குமதி வரி தனி, ஐரோப்பாவுல வாட் கட்டினதை அங்க கழிக்க மாட்டாங்க. அதையும் சேர்த்தாத்தான் இந்தப் படகோட நிஜ விலை என்னன்னு உங்களுக்கே தெரியும்.

இன்சூரன்ஸ்ல மனைவி பக்கம்தான் நியாயம்

கிரீஸ் மரீனாக்கள்ல தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம நிக்க முடியாது. நீங்க நினைக்கிறது ஆன்லைன்ல அரை மணி நேர வேலைன்னு. இன்சூரன்ஸ் கம்பெனி உங்ககிட்ட கேட்கப் போறது, இதுக்கு முன்னாடி எவ்வளவு நீளப் படகு வச்சிருந்தீங்க, ஸ்கிப்பரா எத்தனை மைல் போயிருக்கீங்க, என்ன சர்டிபிகேட். டிங்கி அனுபவம் உள்ளவர் முதல் படகாவே 42 அடி, அதுவும் இத்தனை வருஷப் பழசுன்னா சிலர் மாட்டேன்னுடுவாங்க, சிலர் முதல் சீசன் முழுக்க தொழில்முறை ஸ்கிப்பர் கூட இருக்கணும்பாங்க. உங்க மெரைன் இன்ஜினியர் சர்டிபிகேட் மேல நீங்க ரொம்ப நம்பிக்கை வச்சிருக்கீங்க, ஆனா அது இன்ஜின் ரூமுக்கு, வீல்ல நிக்கிறதுக்கு இல்ல. தனியார் படகுக்கு அடிப்படையில கொடி நாட்டு விதிதான், ஆனாலும் மத்தியதரைக் கடல் பக்கம் துறைமுகத்துல ஐசிசி (படகு ஓட்டத் தெரியும்ங்கிறதுக்கான சர்வதேச சர்டிபிகேட்) கேட்கிறது சகஜம், இன்சூரன்ஸும் அந்த மாதிரி ஒண்ணு கேட்கும். விஎச்எஃப் ரேடியோவுக்கு எஸ்ஆர்சிங்கிற ரேடியோ சர்டிபிகேட் தனியா வேணும்.

இப்போ மனைவி சொன்ன ரெண்டு வாரத்துக்கு வருவோம். ஒரு ஸ்கிப்பரை வச்சுக்கிட்டு இதே சைஸ் படகை ரெண்டு வாரம் ஓட்டினா, லாக் புக்ல கையெழுத்தோட மைல் ஏறும், காத்துல பின்னாடி எடுத்து மரீனாவுல சொருகுறது எப்படி இருக்கும்னு தெரியும், உங்க ரெண்டு பேருக்கும் 42 அடி தேவையா 36 போதுமான்னும் தெரியும். மொத்த செலவுல இது ரொம்பச் சின்னது. நான் அவங்க பக்கம்.

சர்வே: உங்க கண் பாதி வேலைதான் செய்யும்

ஓனர் அனுப்பின ரிப்போர்ட் ஓனருக்காக எழுதினது. அதுல ஏதாவது விட்டுப் போயிருந்தா அந்த சர்வேயர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, அவருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் கிடையாது. நீங்களே சர்வேயரைப் பிடிங்க, புரோக்கர் காட்டின ஆள் வேண்டாம், அவர் தப்பு பண்ணினா நஷ்டம் கட்டுற புரொஃபஷனல் இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க, படகை முழுசா கரைல தூக்கி வச்சுதான் பார்க்கணும்.

‘நானே இன்ஜினியர், எனக்கு எதுக்கு’ன்னு கேட்டிருக்கீங்க. இன்ஜின்ல உங்களை யாரும் ஏமாத்த முடியாது, ஒத்துக்குறேன். போன உடனே பிளாக் மேல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, கோல்டு ஸ்டார்ட் பார்க்கணும்னு மறுநாள் வாங்க. கடல்ல ஃபுல் த்ராட்டில்ல ரேட்டட் ஆர்பிஎம் ஏறுதா, சேல்டிரைவ் (படகோட அடி வழியா இறங்கி ப்ரொப்பல்லரைச் சுத்துற பாகம்) இருந்தா அதோட ஆயில் பால் கலர்ல இருக்கா, அடியில இருக்குற ரப்பர் டயாஃப்ரம் கடைசியா எப்போ மாத்தினதுன்னு பில் இருக்கா. வோல்வோ பென்டா அதை 7 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லுது, அது கிழிஞ்சா படகுக்குள்ள கடல்தான்.

ஆனா இது ஃபைபர்கிளாஸ். நீங்க வாழ்க்கை முழுக்கப் பழகின இரும்பு துருப்பிடிச்சா கண்ணுக்குத் தெரியும், ஃபைபர் உள்ளுக்குள்ள பிரிஞ்சா தெரியாது, சின்ன சுத்தியால தட்டி சத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்கிறவங்க வேற ஆளுங்க. அதுலயும் சார்ட்டர் படகுங்கிறதால கீல்தான், அதாவது படகோட அடியில மாட்டியிருக்குற கனமான பாகம்தான், என் முதல் கவலை. வாடகைக்கு எடுக்குறவங்க கரை தட்டுவாங்க, பாதி பேர் சொல்லாமலே திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. கரை தட்டினா கீலோட முன்பக்கம் கீழ இழுபடும், பின்முனை ஹல்லுக்குள்ள (படகோட உடல்) மேல குத்தும், உள்ள தரையோட ஒட்டியிருக்குற கிரிட்ங்கிற சட்டகம் அந்த இடத்துல விடும். ஃப்ளோர்போர்டைத் தூக்கி கீலோட பின்முனைக்கு நேர் மேல டார்ச் அடிச்சுப் பாருங்க, கிரிட் ஓரத்துல மயிரிழை மாதிரி கோடு, புதுசா பெயின்ட் அடிச்ச ஒரு திட்டு, இது ரெண்டுல எதைப் பார்த்தாலும் சர்வேயரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. 2014 மே மாசம் சீக்கி ரஃபீக்கிங்கிற 40 அடி யாட் அட்லான்டிக்ல கீல் கழண்டு கவிழ்ந்து அதுல இருந்த நாலு பேரும் இறந்தாங்க. முன்னாடி பல தடவை கரை தட்டினதும் அதுக்குப் பண்ண ரிப்பேரும் சேர்ந்து கீல் பிடிப்பை பலவீனமாக்கியிருக்கலாம்னு பிரிட்டிஷ் விபத்து விசாரணை அமைப்பு எம்ஏஐபி சொல்லுச்சு. படகுல ஒட்டியிருக்குற சிஈ பிளேட்ல (ஐரோப்பிய தர முத்திரை) கேட்டகிரி ஏ, அதாவது நடுக்கடலுக்கான வகைன்னு பார்த்துட்டு சந்தோஷப்பட்டு எழுதியிருக்கீங்க, அது கட்டின நாள்ல டிசைன் எதைத் தாங்கும்னு சொல்றது. அதுக்கப்புறம் எத்தனை பாறையில உட்கார்ந்துச்சுன்னு அது சொல்லாது.

சீகாக்கை (கடல் தண்ணி வர்ற, போற குழாயோட வால்வு) லேசா சுரண்டிப் பாருங்க, பித்தளை மஞ்சள் போய் ரோஸ் கலர்ல தெரிஞ்சா துத்தநாகம் கரைஞ்சு போச்சு, கையோட உடையும். அந்தக் காலத்துல கட்டின நிறைய படகுகள்ல சாதாரண பித்தளைதான் போட்டாங்க. பாய்மரத்தைத் தாங்குற கம்பிகள் 10 வருஷத்துக்கு மேல ஆயிடுச்சுன்னா மாத்தினாத்தான் கவர்னு பல இன்சூரன்ஸ்காரங்க சொல்வாங்க, சாதாரணமா சர்வேயர் மாஸ்ட் மேல ஏற மாட்டார், அதுக்கு ரிக்கர்னு மாஸ்ட், கம்பி வேலை பார்க்கிறவர் தனி. வாங்குறப்பவே விலைல குறைச்சுப் பேச வேண்டிய பெரிய ஐட்டம் இது.

பணமும் கான்ட்ராக்டும்

ஓனர் அக்கவுன்ட்டுக்கு நேரா அட்வான்ஸ், கூடவே கூடாது. ஓனர் புரோக்கரோட கமிஷனைத் தவிர்க்கப் பார்க்கிறார்னு தோணுது, அது அவங்களுக்குள்ள இருக்கட்டும், ஆனா புரோக்கர் விலகிட்டா நடுவுல பணத்தை வச்சிருக்க ஆள் இல்லாமப் போயிடும். மத்தியதரைக் கடல் பக்கம் வழக்கமா மைபாங்கிற யாட் தொழில் சங்கத்தோட கான்ட்ராக்ட் ஃபார்ம்லதான் போடுவாங்க, 10 சதவீதம் டெபாசிட்டை புரோக்கரோ வக்கீலோ தனி கிளையன்ட் அக்கவுன்ட்ல ரெண்டு தரப்புக்கும் பொதுவா வச்சிருப்பாங்க, சீ ட்ரையலும் (கடல்ல ஓட்டிப் பார்க்கிறது) சர்வேயும் முடிஞ்சு குறிப்பிட்ட நாளுக்குள்ள நீங்க வேணும்னோ வேண்டாம்னோ எழுத்துல சொல்லணும். அந்த நாளைத் தவறவிட்டா படகை ஏத்துக்கிட்டதாவே எடுத்துக்கலாம், அதனால கப்பல்ல நெட் இல்லாத இடத்துல இருக்குற நேரத்துல இந்தக் கெடு வராம பார்த்துக்கங்க. நான் உங்க வக்கீலா இருந்தா கூடவே ரெண்டு நிபந்தனை சேர்ப்பேன்: இன்சூரன்ஸ் கிடைக்கலைன்னா டெபாசிட் முழுசா திரும்பணும், வாட் பேப்பர் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்குத் திருப்தியா இல்லைன்னாலும் திரும்பணும்.

‘குறை இருந்தா பின்னாடி கேஸ் போடலாமே’ன்னு கேட்டிருக்கீங்க. இங்கிலாந்து சட்டப்படி கான்ட்ராக்ட் போட்டா, 1979-ம் வருஷ சேல் ஆஃப் கூட்ஸ் ஆக்ட்ல பொருள் திருப்தியான தரத்துல இருக்கணும்ங்கிற நிபந்தனை வியாபாரமா விக்கிறவருக்குத்தான். தனிநபர் விக்கிறப்ப அது கிடையாது, சொன்ன விவரத்துக்கு ஒத்துப் போகணும், விக்க உரிமை இருக்கணும், அவ்வளவுதான். அதனால ‘இன்ஜின் 2019-ல மாத்தினது’ன்னு போன்ல சொன்னாரே, அதையும் கான்ட்ராக்ட்ல எழுத்துல கொண்டு வாங்க. கடைசி நாள்ல ‘அக்கவுன்ட் நம்பர் மாறிடுச்சு’ன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்குற நம்பருக்குக் கூப்பிடாதீங்க, முன்னாடியே உங்ககிட்ட இருக்குற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. படகு விற்பனையில இந்த மோசடி நிறைய நடக்குது.

சூயஸ் வழி

சுருக்கமா சொல்றேன், ரெண்டு மாச லீவுல பண்ற வேலை இல்ல இது. கால்வாய்ல சின்ன யாட்டா இருந்தாலும் ஏஜென்ட், பைலட் வேணும், வழியில இஸ்மாயிலியாவுல ராத்திரி நிறுத்தணும், அதெல்லாம் சமாளிச்சுடலாம். செங்கடல்தான் பிரச்சனை. 2023 நவம்பர்ல கப்பல்கள் மேல தாக்குதல் ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு உங்க கம்பெனி சர்க்குலரே உங்களுக்குச் சொல்லியிருக்கும், அந்த ஏரியாவுக்கு யாட் இன்சூரன்ஸ் கிடைக்கிறதே கஷ்டம். அவசரம்னா டெக் கார்கோவா கப்பல்ல ஏத்தி அனுப்புறதுக்கு கொட்டேஷன் வாங்குங்க. இல்லைன்னா முதல் சீசன் அங்கயே ஓட்டிப் பழகுங்க, 18 மாசம் கையில இருக்கே. மரீனாவுல இப்போ நிக்குற இடம் படகோட சேர்ந்து வராம போகலாம், அதையும் முன்னாடியே கேளுங்க. வருஷ செலவுக்கு படகு விலைல 10 சதவீதம்னு யாட் வச்சிருக்கறவங்க பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, பழைய படகுல முதல் வருஷம் அதையும் தாண்டும்.

பேர் மாத்துறதைப் பத்தி. தாராளமா மாத்துங்க, ஆனா புது ரிஜிஸ்டர்ல பதியுறப்பவே புதுப் பேர்ல பதிஞ்சுடுங்க, பின்னாடி மாத்தினா எல்லா பேப்பரையும் ரெண்டாவது தடவை எழுதணும். கொடி மாறினா எம்எம்எஸ்ஐ நம்பரும் (படகோட ரேடியோ அடையாள எண்) மாறும், பிரிட்டிஷ் நம்பர் 232-ல இருந்து 235 வரைக்கும் ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கும், அது உங்களுக்கு இனி செல்லாது. படகு இருக்குற இடத்தை மத்த கப்பல்களுக்குக் காட்டுற ஏஐஎஸ் செட் நிறையத்துல அந்த நம்பரை ஓனர் ஒரே ஒரு தடவைதான் போட முடியும், அப்புறம் டீலர்தான் ரீசெட் பண்ணணும், கிரீஸ்ல இருக்கும்போதே அதை முடிச்சுடுங்க. ஆபத்துல சிக்னல் அனுப்புற ஈபர்ப் கருவியையும் புது கொடி நாட்டுக் கோடு போட்டு ரீப்ரோகிராம் பண்ணி, உங்க பேர்ல, கரையில இருக்குற உறவுக்காரங்க நம்பரோட பதிவு பண்ணணும். அதைச் செய்யாம விட்டா, நடுக்கடல்ல நீங்க பட்டனை அழுத்தும்போது மீட்புக்காரங்க முதல்ல போன் பண்றது படகை வித்துட்டுப் போன அந்த மனுஷனுக்கு.